எத்தனை வருட இலாபம்? பங்கு விலையும் புறக்கோட்டைக் கணக்கும்

அறக்கட்டளைக் குழுவினரே, மாலை வியாபாரத்தை மற்றவர்கள் கையில் விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, கணக்கியல் படிக்கும் தம்பி தங்கைமாரே,

வெவ்வேறு தொழில்களில் இருக்கும் கம்பனிகளின் பங்குகளை மடங்கு வைத்து மதிப்பிடுவது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்தப் பேச்சு வழமையாக எச்சலன் சதுக்கத்து உலக வர்த்தக மையத்தில், குளிரூட்டிய அறைகளில், ஆங்கிலத்தில் நடப்பது. கொழும்புப் பங்குச் சந்தை அங்கேதான் இருக்கிறது. இந்த மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் இதன் அடிக்கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. உங்களில் பலர் அந்தக் கணக்கைப் பேசித்தான் கடையே வாங்கியிருப்பீர்கள்.

புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் ஒரு கடை கைமாறுகிறது என்று வையுங்கள். சரக்கை எண்ணி விலை போடுகிறார்கள். கொப்பியைப் புரட்டி, வராக் கடனைக் கழிக்கிறார்கள். வாடகை உரிமைக்கான கீ மணி தனி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான பேரம் தொடங்குகிறது. கடையின் பெயருக்கும் படிந்துபோன வாடிக்கைக்கும் என்ன விலை? "மூன்று வருட இலாபம் தாருங்கள்" என்பார் விற்பவர். "இரண்டுக்கு மேல் கட்டாது" என்பார் வாங்குபவர். உயர்தரக் கணக்கீட்டுப் பாடத்தில் பங்குடைமையின் நன்மதிப்பைக் கணிக்கச் சொல்லும் கேள்வியும் இதுதான்: சில வருடச் சராசரி இலாபத்தை எடு, இத்தனை வருடத்தால் பெருக்கு. அந்த இரண்டும் மூன்றும்தான் மடங்கு. 1662இல் இங்கிலாந்தில் வில்லியம் பெட்டி என்பவர், ஒரு காணிக்கு எத்தனை வருட வாடகையை விலையாகக் கொடுக்கலாம் என்று கேட்டு, 21 வருடம் என்று விடை சொன்னார். பாட்டன், தகப்பன், பேரன் மூவரும் ஒன்றாக உயிரோடிருக்கும் காலம் அவ்வளவுதான் என்பது அவர் சொன்ன நியாயம். நியாயம் எப்படியோ போகட்டும், முறை இன்றும் அதுவே.

பங்குச் சந்தையில் பங்கின் விலையைப் பங்கொன்றுக்கான வருட இலாபத்தால் பிரித்தால் வருவது விலை உழைப்பு விகிதம். தரகர் வாயில் அது 'பீ.ஈ.'. வங்கிகளுக்குப் பெரும்பாலும் புத்தகப் பெறுமதியின் மடங்கைப் பார்ப்பார்கள். கோபுரமும் கடனும் நிறைந்த தொலைத்தொடர்புக் கம்பனிகளுக்கு, கடனையும் சேர்த்த மொத்தப் பெறுமதியை, வட்டியும் வரியும் தேய்மானமும் கழிக்க முன்னுள்ள வருமானத்தால் பிரிப்பார்கள். பிறகு நடப்பது எளிது. அதே துறையில் நாலு கம்பனியை எடுத்து, சராசரி மடங்கைப் பார்த்து, நமக்கு வேண்டிய கம்பனியின் இலாபத்தை அதனால் பெருக்குவார்கள். பெருக்கலில் யாரும் பிழை விடுவதில்லை. எதைப் பெருக்குகிறோம் என்று பார்க்காததால்தான் கொழும்பில் காசு போகிறது. இன்று நான் சொல்லப்போவது அதைத்தான்.

2022ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் முதல் வாரம் வரை டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மாத முடிவில் 300ஐ நெருங்கியது. மே மாதத்தில் 360 அளவில் நின்றது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. நான்காம் குறுக்குத் தெருவில் பழைய விலைக்கு இறக்கிய சீனி மூடையைப் புதிய விலைக்கு விற்றவருக்கு, கொப்பியில் காணாத இலாபம். அந்தக் காசைக் கொண்டு அடுத்த லொறிக்குப் போனபோது, முன்பு வந்த அளவு மூடை வரவில்லை. கொப்பி இலாபம் என்றது, களஞ்சியம் நட்டம் என்றது. அந்த வருட இலாபத்தை மூன்றால் பெருக்கி அந்தக் கடையை உங்களில் யாராவது வாங்கியிருப்பீர்களா? மாட்டீர்கள். பங்குச் சந்தையில் அதே வகை இலாபத்தைப் பெருக்கி வாங்கினார்கள். அவர்களில் சிலர் இந்தத் தெருக்களில் கடை வைத்திருப்பவர்கள். கடை வாங்கும்போது இருக்கிற புத்தி, திரையில் பச்சை எழுத்தைக் கண்டதும் எங்கே போகிறதோ தெரியவில்லை.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொரு சின்ன விடயம், கணக்கு முடிக்கும் திகதி. இங்கே பட்டியலிட்ட கம்பனிகளில் பெருந்தொகையானவை மார்ச் 31இல் வருடக் கணக்கை முடிப்பவை. வங்கிகளோ டிசெம்பர் 31இல் முடிக்கின்றன. ரூபா சரிந்த அந்த மூன்று கிழமையும், மார்ச்சில் முடிக்கும் கம்பனிகளின் வருடக் கடைசியில் வந்து விழுந்தன. டொலரில் வரவேண்டிய பணம் வைத்திருந்தவர்களின் கணக்கில் பெரிய நாணயமாற்று இலாபம் ஏறியது. டொலரில் கடன் வைத்திருந்தவர்களுக்கு அதே அளவு அடி. இரண்டும் ஒருமுறை நடந்தவை. அதே வருடம், வரிக்குரிய ஆண்டு வருமானம் 200 கோடி ரூபாவுக்கு மேற்பட்டவர்களிடம் ஒரே தடவையாக 25 வீத மேல்வரி அறவிடப்பட்டது. அதுவும் மறுபடி வராது. ஆனால் கம்பனி வரி 24 வீதத்திலிருந்து 30 வீதமாக உயர்ந்ததே, அது நின்று நிலைத்தது. வந்து போவதைக் கழித்துவிட்டு, நிற்பதைச் சேர்த்துக்கொண்டு, பிறகே மடங்கைத் தொடவேண்டும்.

எக்ஸ்போலங்கா கம்பனியின் கதை உங்களுக்குத் தெரியும். சரக்கு அனுப்பும் தொழில். பெரும்பான்மைப் பங்கு ஜப்பானின் எஸ்.ஜி. ஹோல்டிங்ஸிடம் இருந்தது. 2020இல் அந்தப் பங்கை ஒற்றை இலக்க ரூபாவுக்கு வாங்க முடிந்தது. கொவிட் காலத்தில் கப்பல், விமானச் சரக்குக் கட்டணங்கள் வானத்துக்கு ஏறின. 2022 ஜனவரியில் பங்கின் விலை 300 ரூபாவைத் தாண்டியிருந்தது; சந்தைப் பெறுமதியில் கொழும்பின் மிகப் பெரிய கம்பனியாகவும் அது ஆகியிருந்தது. இலாபமும் விலையோடு சேர்ந்து எகிறியதால் அந்த உச்சத்திலும் மடங்கு பார்வைக்கு மலிவாகத்தான் தெரிந்தது. பலரை மாட்டிவிட்டது அந்த மலிவுதான். கட்டணங்கள் இறங்கியதும் இலாபம் சுருங்கியது, விலையும் சுருங்கியது. 2024இல் தாய்க் கம்பனி சிறு பங்குதாரரிடமிருந்து பங்குகளை வாங்கிக்கொண்டு சந்தையை விட்டு விலக்கிக்கொண்டது.

ஏறி இறங்கும் தொழில்களில் மடங்கு தலைகீழாகப் பேசும். இலாபம் உச்சத்தில் இருக்கும்போது மடங்கு சின்னது, பங்கு ஆபத்தானது. இலாபம் அடிமட்டத்தில் இருக்கும்போது மடங்கு பயங்கரமாகத் தெரியும். வாங்குவதற்கு அதுவே தக்க நேரமாக இருக்கலாம். பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டொட்டும் 1934இல், அமெரிக்கச் சந்தை விழுந்து நொறுங்கிய பிறகு எழுதிய புத்தகத்தில் கேட்டுக்கொண்டது, குறைந்தது ஐந்து வருடம், முடிந்தால் ஏழு பத்து வருடச் சராசரி இலாபத்தைப் பாருங்கள் என்பதே. மூன்றாம் குறுக்குத் தெருவில் கடை வாங்குபவரும் ஒரு வருடக் கொப்பியோடு திருப்திப்படுவதில்லை.

சரி, இலாபத்தைச் சுத்தம் செய்தாயிற்று. மடங்கு எங்கிருந்து வருகிறது? மூன்று எண்கள் போதும். இலாபத்தில் எத்தனை வீதம் பங்கிலாபமாகக் கைக்கு வருகிறது. முதலிட்டவருக்கு வேண்டிய வருவாய் வீதம் எவ்வளவு. இலாபம் வருடாவருடம் எவ்வளவு வளரும். முதலாவதை, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசத்தால் பிரித்தால் நியாயமான மடங்கு கிடைக்கும். ஒரு கம்பனி 60 வீதத்தைப் பங்கிலாபமாகக் கொடுக்கிறது, நமக்கு 18 வீதம் வேண்டும், வளர்ச்சி 6 வீதம் என்றால் மடங்கு 5. வளர்ச்சி மட்டும் 12 வீதமானால் மடங்கு 10. வேறெதுவும் மாறவில்லை, விலை இரட்டிப்பாகிவிட்டது. பத்து மடங்கில் உள்ள பங்கு விலை கூடியது, ஐந்து மடங்கில் உள்ளது மலிவு என்று எடுத்த எடுப்பில் சொல்லமுடியாமல் போவது இதனால்தான்.

இந்த மூன்றில் நம் நாட்டில் ஆட்டிப் படைப்பது வருவாய் வீதம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நாலு நாள் கழித்து அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு பங்குச் சந்தை ஒரு கிழமை மூடிக்கிடந்தது. அந்த வருடம் திறைசேரி உண்டியலின் வருவாய் 30 வீதத்தைக் கடந்தது. அரசாங்கமே 30 வீதம் தந்தால், வளராத ஒரு இலாபத்துக்கு 3.3 மடங்குக்கு மேல் கொடுப்பவர் ஏமாளி. வருவாய் 8 வீதத்துக்கு இறங்கினால் அதே இலாபத்துக்கு 12.5 மடங்கு கொடுக்கலாம். 2010 முடிவில், போர் முடிந்த உற்சாகத்தில், கொழும்புச் சந்தை மொத்தமாக 25 மடங்கில் நின்றது; 2022இல் ஒற்றை இலக்கத்துக்கு விழுந்தது; வட்டி இறங்க இறங்க விலைகள் ஏறி, 2025இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 20,000ஐத் தாண்டியது. கம்பனிகள் திறமைசாலிகள் ஆனதும் கொஞ்சம் உண்டு. பெரும்பகுதி வட்டியின் வேலை.

இனித் தேயிலைக்கு வருகிறேன். கொழும்பில் பங்கு வியாபாரம் 1896இல் தொடங்கியதே தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டத்தான். மடங்கு வைத்து மதிப்பிட இன்று மிகவும் சிக்கலான துறையும் அதுதான்.

ஒரு தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கையை எடுத்து, படங்களைத் தள்ளிவிட்டு, பின்பக்கத்துக் குறிப்புகளுக்குப் போங்கள். முதலில் குத்தகைக் குறிப்பு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையான தோட்டங்கள், 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் 53 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. மலையும் மண்ணும் கம்பனியின் சொத்தல்ல. 2045இல் குத்தகை முடியும். கடைக்காரருக்கு இது உடனே உறைக்கும். லீசு முடியப்போகும் கடைக்கு யார் முழு விலை கொடுப்பார்? ஆனால் எவ்வளவு கழிப்பது என்பது வட்டியைப் பொறுத்தது. மீதிக் காலம் 20 வருடம் என்று வையுங்கள். 30 வீத வட்டியில், 20 வருட இலாபத்தின் இன்றைய பெறுமதி 3.32 மடங்கு, என்றென்றைக்கும் வரும் இலாபத்தின் பெறுமதி 3.33 மடங்கு. வித்தியாசமே இல்லை. 8 வீத வட்டியில் முந்தியது 9.8 மடங்கு, பிந்தியது 12.5 மடங்கு. ஐந்திலொரு பங்குக்கு மேல் வெட்டு. ஆகவே வட்டி இறங்கும்போது மற்றத் துறைகளின் மடங்கு ஏறும் வேகத்தில் தோட்டக் கம்பனியின் மடங்கு ஏறக்கூடாது. குத்தகை நீடிக்கப்படும் என்று நம்பி வாங்குபவர், அரசாங்கத்தின் கையெழுத்துக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்.

அடுத்த குறிப்பு மரம். தோட்டத்தில் நிற்கும் யூக்கலிப்டஸ் போன்ற வெட்டு மரங்களை, 41ஆம் இலக்கக் கணக்கீட்டு நியமத்தின்படி, ஒவ்வொரு வருடமும் நியாயப் பெறுமதிக்கு மதிப்பிட்டு, ஏற்றத்தை இலாபத்தில் சேர்க்கவேண்டும். தேயிலைச் செடிக்கு 2016இலிருந்து இது கட்டாயமில்லை. இயந்திரத்தைப் போலச் செலவு விலையில் காட்டலாம். மரம் மட்டும் இன்னும் இலாபத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. எளிய எண்ணில் சொல்கிறேன். ஒரு கம்பனியின் வருட இலாபம் 40 கோடி, அதில் மரத்தின் மதிப்பேற்றம் 12 கோடி, பங்குகளின் மொத்த விலை 200 கோடி என்றால், அறிக்கைப்படி மடங்கு 5. மரத்தை விட்டால் 7.1. மரம் வளர்ந்தது உண்மைதான். வெட்ட அனுமதி வேண்டும், விற்கவேண்டும், அதற்குப் பிறகுதான் அந்தக் காசிலிருந்து பங்கிலாபம் கொடுக்கலாம்.

மூன்றாவது குறிப்பைப் பெரும்பாலான தரகர் அறிக்கைகள் தொடுவதில்லை. அது பணிக்கொடைக் குறிப்பு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுபடவேண்டும். 20 வருடம் கொழுந்தெடுத்த ஒருவருக்கு 280 நாள் சம்பளம். நாட்சம்பளம் 700 ரூபாவாக இருந்தால் அது 1,96,000; 1,000 ரூபாவானால் 2,80,000. சம்பளம் கூடிய அன்றே, கடந்துபோன வருடங்களுக்கான கடனும் கூடிவிடுகிறது. 2021இல் சம்பளம் 1,000 ரூபாவானபோதும் 2024இல் 1,350 ஆனபோதும் நடந்தது இதுதான். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைக் கொண்ட கம்பனிக்கு இது வங்கிக் கடனைப் போன்ற ஒரு கடன். மொத்தப் பெறுமதியைக் கணக்கிடும்போது வங்கிக் கடனைச் சேர்க்கிறோம், இதை விட்டுவிடுகிறோம். விட்டால் பங்கு மலிவாகத் தெரியும். அந்த மலிவு மலையகத்தில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் முதுமைக்குரிய காசைக் கணக்கில் சேர்க்காததால் வந்தது. எந்த நோக்கில் பார்த்தாலும் அது பிழைக் கணக்கு.

மற்றத் துறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வங்கிக்குப் புத்தகப் பெறுமதி மடங்கைப் பார்ப்பதானால், மூலதனத்தில் அது உழைக்கும் வீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நமக்கு 18 வீதம் வேண்டும், வங்கி 12 வீதம்தான் உழைக்கிறது என்றால் அது ஒரு மடங்குக்குக் கீழே நிற்பது நியாயமே. 2022இல் நல்ல வங்கிகளின் பங்குகள்கூடப் புத்தகப் பெறுமதியில் பாதிக்கும் கீழே கிடந்ததற்கு வட்டி மட்டும் காரணமல்ல. வங்கிகளின் கையிலிருந்த அரசாங்கத்தின் டொலர்ப் பிணைமுறிகளில் எவ்வளவு வெட்டு விழும் என்று யாருக்கும் தெரியாதிருந்தது. புத்தகத்தையே சந்தை நம்பவில்லை. சிலோன் டுபாக்கோவில் நிலைமை நேரெதிர். இலாபத்தைப் பெரும்பாலும் முழுமையாகப் பங்கிலாபமாகப் பிரித்துவிடுவதால் புத்தகத்தில் சேர்வது சொற்பம். புத்தக மடங்கு எதையும் சொல்லாது. அதை ஒப்பிட இங்கே இன்னொரு சிகரெட் கம்பனியும் கிடையாது. ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் போன்ற பல தொழில் குழுமத்துக்கு ஒரே மடங்கு வைப்பது வீண்வேலை. சுப்பர் மார்க்கட்டுக்கு ஒன்று, காப்புறுதிக்கு ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டி, தலைமைக் கம்பனியின் கடனைக் கழிக்கவேண்டும். கொழும்பு நகரில் அவர்கள் எழுப்பிய பெரிய ஹோட்டல் வளாகம் பல வருடம் காசை விழுங்கிக்கொண்டு, ஒரு சதமும் உழைக்காமல் நின்றது. அந்த வருடங்களில் பீ.ஈ. பார்த்தவர்கள் கட்டடத்தையே காணவில்லை. 2024இல் அந்தக் கம்பனி ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. அதன்பின் "இருபது ரூபாவுக்குக் கிடைக்கிறது, மலிவு" என்று வாங்கியவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஒரே கம்பனிக்கு இரண்டு மடங்கு இருக்கும் விந்தையும் நம் சந்தையில் உண்டு. கொமர்ஷல் வங்கி, ஹட்டன் நஷனல் வங்கி, திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சிமெந்து ஆகியவற்றுக்கு வாக்குரிமையுள்ள பங்கும் உண்டு, வாக்குரிமையற்ற பங்கும் உண்டு. விலைப் பட்டியலில் முதலாவதன் குறியீட்டில் 'என்' வரும், இரண்டாவதில் 'எக்ஸ்' வரும். கம்பனி ஒன்று, பங்கொன்றுக்கான இலாபம் ஒன்று. விலை மட்டும் இரண்டு, வாக்கில்லாதது வழமையாகக் குறைவு. நூறு பங்கு, ஐந்நூறு பங்கு வைத்திருப்பவர் பொதுக்கூட்டத்தில் போடும் வாக்கால் கம்பனி திரும்பப்போவதில்லை. நெடுங்காலம் வைத்திருக்க நினைக்கும் சிறு முதலீட்டாளர் 'எக்ஸ்' பங்கைப் பார்க்காமல் விடுவது வீண் என்பது என் கருத்து. அவசரத்துக்கு விற்கும்போது வாங்குபவர் குறைவாக இருப்பார் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. சென்னையில் பிறந்து, லொயோலாக் கல்லூரியில் படித்து, நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அஸ்வத் தாமோதரன், ஒவ்வொரு ஜனவரியிலும் உலகத்துத் துறைகள் அனைத்துக்கும் மடங்கு அட்டவணைகளை இலவசமாக வெளியிடுகிறார். இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஆனால் அந்த அட்டவணையில் அமெரிக்கச் சில்லறை வியாபாரத்துக்கு உள்ள எண்ணைத் தூக்கி கார்கில்ஸ் மேல் வைக்கவேண்டாம். அவர்களுடைய வட்டி வேறு, நம்முடைய வட்டி வேறு; அவர்களிடம் நூறு கம்பனிகள், நம்மிடம் துறைக்கு நாலைந்து. நாலில் ஒன்று விசித்திரமாக இருந்தாலே சராசரி கெட்டுவிடும், ஆகவே நடுவில் நிற்பதை எடுங்கள். அவருடைய எண்ணை விட்டு, அந்த எண்ணுக்கு அவர் வந்த வழியைப் படியுங்கள்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். நான் சொன்ன குத்தகையும் மரமும் பணிக்கொடையும் அனேகமான கம்பனிகளில் ஆங்கிலக் குறிப்புகளுக்குள் கிடக்கின்றன. தலைவரின் செய்தி சிலவேளை தமிழில் வரும், குறிப்புகள் வருவதில்லை. அடுத்த வருடம் இந்த மேடையில் இன்னொருவரைப் பேச வைப்பதற்குப் பதிலாக, ஒரு மேசையைப் போட்டு, ஏதாவது ஒரு தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கையை வைத்து, இந்தத் தெருக்களின் கணக்குப்பிள்ளைமாரையும் மாணவர்களையும் உட்கார வைத்து, குறிப்புக் குறிப்பாகத் தமிழில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். அறிக்கை சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு மாலை போதும்.